ஒரு லிட்டர் பெட்ரோலின் பொறுமை

சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் கச்சா எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கிறது. அதன் வயிற்றில் இருப்பது கறுத்த, கெட்டியான, கந்தக நெடி அடிக்கும் எண்ணெய். வளைகுடா நாடுகளில் தோண்டி எடுத்ததாக இருக்கலாம். கப்பலிலிருந்து குழாயில் இறங்கி அது மணலிக்குப் போகிறது. அங்கேதான் சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் 1965இல் கூட்டாகத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்பதே இதன் பழைய பெயர். 1969இல் ஓடத் தொடங்கியபோது ஆண்டுக்கு 25 லட்சம் டன் எண்ணெயைக் காய்ச்சும் ஆலையாக இருந்தது. இன்று அதன் திறன் 1 கோடியே 5 லட்சம் டன்.

நாளைக் காலை நம் ஸ்கூட்டரில் விழப்போகும் ஒரு லிட்டர் பெட்ரோல் இப்படி ஒரு கப்பலில்தான் வந்து சேர்கிறது. அது பங்குக்கு வந்து, நம் இன்ஜினில் எரிந்து முடிவதற்குள் அதன் மீது ஓர் எண் ஏறிவிடுகிறது: 91, 95, 97, 100. ஆக்டேன் எண் என்கிறோம். எண் கூடினால் சத்து கூடும், வண்டி பறக்கும், மைலேஜ் ஏறும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரோடிக் கிடக்கிறது. மாதச் சம்பளத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள்கூட "என் வண்டிக்கு நல்லதையே போடுவோம்" என்று லிட்டருக்குக் கூடுதல் காசு கொடுக்கிறார்கள். அந்த அக்கறை நல்லது, நம்பிக்கைதான் தவறு. ஆக்டேன் எண் பெட்ரோலின் சத்தை அளப்பதில்லை. எவ்வளவு இறுக்கி அழுத்தினாலும், பிளக் பொறி தட்டும் வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கும் பொறுமையைத்தான் அளக்கிறது. அந்தப் பொறுமை எங்கே, எப்படி வந்து சேர்கிறது என்று அதன் வழியிலேயே போய்ப் பார்த்தால், பங்கில் எதைக் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும்.

மணலியில் பிறப்பு

கச்சா எண்ணெயில் உப்பும் நீரும் கலந்திருக்கும். முதலில் அவற்றைக் கழுவி எடுக்கிறார்கள். பிறகு உலையில் ஏறத்தாழ 350 டிகிரி சூட்டுக்குக் கொண்டுபோய், உயர்ந்த கோபுரம் ஒன்றின் அடிப்பகுதியில் செலுத்துகிறார்கள். லேசான ஆவி உச்சிக்கு ஏறுகிறது. கனமானது கீழேயே தங்குகிறது. உச்சியில் எரிவாயு, அதற்குக் கீழே நாப்தா, பிறகு மண்ணெண்ணெய், டீசல், அடியில் ஃபர்னஸ் ஆயிலுக்கும் தாருக்கும் போகும் கசடு என்று தட்டுத் தட்டாகப் பிரிகிறது. பெட்ரோலின் மூலப்பொருள் அந்த நாப்தாதான்.

ஆனால் கோபுரத்திலிருந்து இறங்கும் நாப்தாவை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. அதன் ஆக்டேன் எண் 50, 60, மிஞ்சினால் 70. காரணம் அதன் மூலக்கூறுகளின் வடிவம். கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் கோத்து நிற்கும் மூலக்கூறு, சூடும் அழுத்தமும் ஏறும்போது சட்டென்று உடைகிறது. உடைந்த துண்டுகள் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தீயை மூட்டிவிடுகின்றன. கிளை விட்டிருக்கும் மூலக்கூறும், வளையமாக மூடியிருக்கும் மூலக்கூறும் அவ்வளவு எளிதில் உடைவதில்லை. ஆகவே சுத்திகரிப்பு ஆலையின் பெரும்பாடு, நேர்கோடுகளை வளைப்பதுதான்.

அதற்கு மூன்று வழிகள் முக்கியமானவை. முதலாவது ரிஃபார்மிங். நாப்தாவை 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் பிளாட்டினம் பூசிய வினையூக்கியின் மீது செலுத்தினால், மூலக்கூறுகள் ஹைட்ரஜனை உதறிவிட்டு வளையங்களாக மாறுகின்றன. விளாடிமிர் ஹென்சல் என்ற வேதிப் பொறியாளர் உருவாக்கி, 1949இல் தொழில்முறையில் நடைமுறைக்கு வந்த வழி இது. நகைக்கடையில் இருக்கவேண்டிய பிளாட்டினத்தைப் பெட்ரோல் காய்ச்சப் பயன்படுத்துவதா என்று கேட்ட காலத்தில், மிகச் சிறிய அளவே போதும் என்று அவர் காட்டினார். இதில் கிடைக்கும் சரக்கின் எண் 95ஐத் தாண்டி 100 வரைகூடப் போகும். இரண்டாவது, கனமான எண்ணெயை வினையூக்கியின் உதவியால் உடைத்துப் பெட்ரோலாக்கும் கிராக்கிங். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஹூட்ரி 1930களில் அமெரிக்காவில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மூன்றாவது ஐசோமரைசேஷன்: அணுக்களின் எண்ணிக்கை மாறாமல், நேர் சங்கிலியைக் கிளைச் சங்கிலியாகத் திருப்புவது.

இந்தச் சரக்குகளை எல்லாம் ஒரு தொட்டியில் கணக்குப் போட்டுக் கலந்தால்தான் பெட்ரோல். வளைய மூலக்கூறுகளை இஷ்டத்துக்குச் சேர்க்கவும் முடியாது. அவற்றில் ஒன்றான பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது என்பதால், நம் தர விவரம் அதை 1 விழுக்காட்டுக்குள் நிறுத்தியிருக்கிறது. கந்தகமும் கண்டிப்பான வரம்புக்குள் இருக்க வேண்டும்: 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது. பொறுமையைக் கூட்ட வேண்டும், நஞ்சைக் கூட்டக் கூடாது. ஆலையின் வேதியியலாளர் தினமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை செய்கிறார்.

தட்டும் இன்ஜினும் ஒரு பைன் மரமும்

இந்தப் பொறுமைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இன்ஜினுக்குள் போய்ப் பார்த்தால் புரியும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே ஏறி அழுத்துகிறது. பத்துப் பங்கு இடத்தில் இருந்ததை ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தினால், அழுத்த விகிதம் 10க்கு 1. அழுத்தம் கூடக்கூட, அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை வாங்கலாம். அதனால்தான் இன்ஜின் வடிவமைப்பவர்கள் நூறாண்டுகளாக அந்த விகிதத்தை ஏற்றிக்கொண்டே வருகிறார்கள்.

பொறி தட்டியதும் தீ, பிளக்கின் முனையிலிருந்து ஒழுங்காக விரிந்து பரவ வேண்டும். அது சிலிண்டரின் மூலையைப் போய்ச் சேருமுன், அங்கே ஒடுங்கிக் கிடக்கும் எரியாத கலவை சூடு தாங்காமல் தானே பற்றிக்கொண்டால், ஓர் அழுத்த அலை கிளம்பிச் சுவரில் மோதுகிறது. வெளியே அது டக்டக்கென்ற உலோகச் சத்தமாகக் கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். கொஞ்ச நேரம் தட்டினால் பெரிய கேடில்லை. விடாமல் தட்டினால் பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங் உடையும், கடைசியில் பிஸ்டனிலேயே ஓட்டை விழும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தத் தட்டலுக்குக் காரணம் என்ன என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன்தான் தட்டுகிறது என்று அவர் மீதே பழி விழுந்தது. குற்றம் மின்பொறியில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது என்று காட்டும் வேலையில் அவர் தாமஸ் மிட்க்லி என்ற பொறியாளரை இறக்கினார். இங்கிலாந்தில் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோவும் அதே முடிவுக்கு வந்து, டொலுயீன் எண் என்று ஓர் அளவைக்கூட வகுத்தார். ஆனால் உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல் 1926இல்தான் பிறந்தது. அதை வகுத்தவர் எத்தில் கார்ப்பரேஷனின் வேதியியலாளர் கிரஹாம் எட்கர்.

எட்கர் இரண்டு தூய திரவங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று ஐசோஆக்டேன், கிளைகள் விட்ட மூலக்கூறு, கடுமையாக அழுத்தினாலும் தட்டாது. அதற்கு 100 கொடுத்தார். மற்றொன்று நார்மல் ஹெப்டேன். நேர்கோட்டு மூலக்கூறு, லேசாக அழுத்தினாலே தட்டும். அதற்கு 0. அந்த ஹெப்டேனைத் தூய்மையாகப் பெற, கலிஃபோர்னியா மலைகளில் வளரும் ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசினைக் காய்ச்சினார்கள். அந்த மரம் ஏறக்குறையக் கலப்பில்லாத ஹெப்டேனைத் தருகிறது. நம் பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எப்படித் தட்டுமோ அப்படித் தட்டும் என்று பொருள். அந்த இரண்டு திரவங்களும் அதே அளவில் நம் பெட்ரோலுக்குள் இருக்கின்றன என்று பொருள் அல்ல. எண் சொல்வது நடத்தையை, உள்ளடக்கத்தை அல்ல.

எண் ஏறும் இடம்

மணலியிலிருந்து கிளம்புமுன் நம் லிட்டரின் உடன்பிறப்பு ஒன்று ஆய்வகத்துக்குப் போகிறது. கலவைத் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரி அது. அங்கே நிற்பது சிஎஃப்ஆர் என்று அழைக்கப்படும் இன்ஜின். 1929இல் அமெரிக்காவின் வாக்கேஷா ஆலை முதன்முதலில் செய்துகொடுத்த வடிவமைப்பு. அடிப்படையில் இன்றைக்கும் அதேதான். ஒற்றைச் சிலிண்டர், 600 சிசியை ஒட்டிய கொள்ளளவு, கனத்த வார்ப்பிரும்பு உடம்பு.

அதை நின்று பார்ப்பது நல்ல பாடம். மின்மோட்டார் ஒன்று அதன் வேகத்தை நிமிடத்துக்கு 600 சுற்றில் அசையாமல் பிடித்துவைக்கிறது. சாதாரண பைக் ஐடிலில் நிற்கும் வேகத்தில் பாதிதான் அது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. இதன் சிறப்பு, ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்த முடியும் என்பது. 4க்கு 1 என்ற மெல்லிய அழுத்தத்திலிருந்து 18க்கு 1 என்ற கடும் அழுத்தம் வரை ஏற்றலாம். மாதிரிப் பெட்ரோலைக் கார்புரேட்டரின் ஒரு கிண்ணத்தில் ஊற்றுகிறார் ஆய்வாளர். சிலிண்டரை மெல்ல இறக்க இறக்க அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் தட்டல் தொடங்குகிறது. அதன் வலுவை மீட்டரின் முள் காட்டுகிறது. பிறகு வால்வைத் திருப்பி அடுத்த இரண்டு கிண்ணங்களுக்குப் போகிறார். அவற்றில் ஐசோஆக்டேனும் ஹெப்டேனும் அளந்து கலந்த ஒப்பீட்டுத் திரவங்கள். ஒன்று மாதிரியைவிடக் கொஞ்சம் கூடத் தட்டும், இன்னொன்று கொஞ்சம் குறையத் தட்டும். அந்த இரண்டுக்கும் இடையில் மாதிரி எங்கே நிற்கிறதோ, அதுவே அதன் எண்.

இப்படி அளப்பது ரிசர்ச் ஆக்டேன் எண், சுருக்கமாக ஆர்ஓஎன். இதே இன்ஜினை 900 சுற்றில், கலவையை ஏறத்தாழ 150 டிகிரிக்குச் சூடாக்கி ஓட்டினால் கிடைப்பது மோட்டார் ஆக்டேன் எண். சோதனை கடுமையானது என்பதால் எண் குறைந்து வரும். இந்தியா, இலங்கை, மலேசியா, ஐரோப்பாவில் பங்கில் எழுதுவது ஆர்ஓஎன். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகள் பங்கில் 87 என்று பார்த்ததும், ஊரில் 91 போட்டோமே என்று தயங்கத் தேவையில்லை. அந்த 87 ஏறத்தாழ நம் 91தான். இலங்கையில் 92, 95 என்றும், மலேசியாவில் 95, 97 என்றும் பார்ப்பது நம் கணக்கில் உள்ள அதே ஆர்ஓஎன்.

எண்ணுக்குக் கொடுத்த விலை

எட்கர் வேலை பார்த்த, ஈயச் சேர்க்கையை விற்ற எத்தில் கார்ப்பரேஷனின் கதையைச் சொல்லாமல் இந்தப் பயணத்தில் மேலே போக முடியாது. மிட்க்லி 1921 டிசம்பர் 9 அன்று டேட்டனில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார். ஒரு காலனுக்குச் சில கிராம் சேர்த்ததுமே தட்டல் நின்றது. 1923 பிப்ரவரியில் டேட்டனிலேயே ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஆல்கஹாலும் தட்டலை அடக்கும் என்று மிட்க்லிக்கும் கெட்டரிங்குக்கும் அப்போதே தெரியும். ஆனால் ஈயம் மலிவு. மிகக் கொஞ்சம் போதும்.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் சரிந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மிட்க்லியே ஈய நஞ்சால் நோயுற்றுத் தேறியவர். அப்படியும் அது நிற்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகின் தெருக்கள் அனைத்திலும் புகைக்குழாய் வழியே ஈயம் விழுந்துகொண்டே இருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுத்தது. பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன், எங்கே அளந்தாலும் இயற்கைக்கு மீறிய ஈயம் கலந்திருப்பதைக் கண்டு, அதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் அறிமுகமாகி, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் வந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா ஈயப் பெட்ரோலை நிறுத்தியது 2021இல். தேவைக்கு மேல் ஆக்டேன் கேட்பதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை இந்த நூறாண்டுக் கதை சொல்கிறது.

ஆக்டேனுக்கு அதன் நியாயமான புகழும் உண்டு. 1940இல் இங்கிலாந்தின் வானில் போர் நடந்தபோது, ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோலில் பறந்தன. அந்தப் பெட்ரோல் இருந்ததால் அவற்றின் மெர்லின் இன்ஜினின் சூப்பர்சார்ஜர் அழுத்தத்தை ஏற்ற முடிந்தது. ஏறத்தாழ 1,000 குதிரைசக்தி தந்தது 1,300ஐத் தாண்டியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்ரோலை மாற்றியதால் மட்டும் அந்தச் சக்தி வந்துவிடவில்லை. பெட்ரோல் தாங்கும் என்று தெரிந்ததால் இன்ஜினின் அழுத்தத்தையும் கூடவே ஏற்றினார்கள். ஏற்றாமல் விட்டிருந்தால், 100 போட்டும் பயன் இருந்திருக்காது.

இன்றைய இந்தியப் பெட்ரோலில் ஈயத்தின் இடத்தில் எத்தனால் இருக்கிறது. கரும்பு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வடித்த ஆல்கஹால் அது. 2022இல் 10 விழுக்காட்டை எட்டிய கலப்பு, 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலின் ஆர்ஓஎன் 108ஐ ஒட்டியது. ஆனால் லிட்டருக்கு அதில் இருக்கும் எரிசக்தி, பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேனும் சத்தும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை: எத்தனால் சேர்ந்தால் எண் ஏறுகிறது, மைலேஜ் சற்றே இறங்குகிறது.

குழாயும் லாரியும்

சான்றிதழ் கிடைத்ததும் நம் லிட்டர் தெற்கே கிளம்புகிறது. சென்னை–திருச்சி–மதுரைக் குழாய் பூமிக்கடியில் ஓடுகிறது. சங்ககிரிக்கு ஒரு கிளையும் உண்டு. ஒரே குழாயில் டீசலும் பெட்ரோலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன, நடுவே தடுப்பு எதுவும் இல்லாமல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் கலக்கும். அடர்த்தி மாறுவதை வைத்து அந்தக் கலப்பைக் கண்டுபிடித்துத் தனித் தொட்டிக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஈரத்தை இழுக்கும் எத்தனாலை இந்த நீண்ட பயணத்தில் சேர்ப்பதில்லை. லாரியில் ஏற்றும் டெப்போவில்தான் கலக்கிறார்கள். நம் லிட்டரின் கடைசி எண் முழுமையடைவது அங்கேதான்.

டேங்கர் லாரி பங்குக்கு வந்ததும் டீலர் முதலில் செய்யவேண்டியது அடர்த்தி பார்ப்பது. கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலை எடுத்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பமானியையும் பார்த்து, 15 டிகிரிக்கு மாற்றிய கணக்கை லாரிச் சீட்டோடு ஒப்பிடுவார். கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரக்கை இறக்கக் கூடாது. பிறகு அது தரைக்கடியில் உள்ள தொட்டிக்குப் போகிறது.

அங்கே அதற்கு ஒரு பகைவன் உண்டு: தண்ணீர். மழைக்காலத்தில் தொட்டிக்குள் நீர் இறங்கினால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோல் எத்தனாலையும் இழந்து, அது தந்த ஆக்டேனையும் இழந்துவிடும். உங்கள் வண்டியின் டேங்கிலும் இதே நடக்கலாம். மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மாதக்கணக்கில் வண்டியை எடுக்காமல் பெட்ரோலோடு நிறுத்திவைக்காதீர்கள். பங்கில் சந்தேகம் வந்தால் அடர்த்தியைக் காட்டச் சொல்லவும், வடிதாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எதைப் போடுவது?

"நார்மலா, பிரீமியமா?" என்ற கேள்வி வருவது இப்போதுதான். பதில் பங்கில் இல்லை, வண்டியில் இருக்கிறது. டேங்க் மூடியின் உட்புறத்தில், அல்லது வண்டியோடு வந்த கையேட்டில், குறைந்தபட்ச ஆக்டேன் எண் எழுதியிருக்கும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக், ஸ்கூட்டர், சிறிய கார்களுக்கு அது 91. பாரத் ஸ்டேஜ் 2 காலத்தில் 88 ஆக இருந்த சாதாரணப் பெட்ரோல், ஸ்டேஜ் 3 முதல் 91 ஆனது. 20 விழுக்காடு எத்தனால் கலப்பால் அது 95ஐ எட்டியிருப்பதாகப் பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் விளக்கம் தந்தது. ஆகவே 91 கேட்கும் வண்டிக்கு நார்மல் பெட்ரோல் தாராளமாகப் போதும்.

அழுத்த விகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. ராயல் என்ஃபீல்டின் இன்றைய 350 சிசி இன்ஜினின் விகிதம் 9.5க்கு 1. யமஹா ஆர்15இல் அது 11.6க்கு 1. இரண்டாவது வண்டிக்கு உயர்ந்த ஆக்டேன் கட்டாயம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தண்ணீரால் குளிர்விக்கும் அமைப்பு, எரியறையின் வடிவம், பொறி தட்டும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் தேவையை முடிவு செய்கின்றன. அந்தக் கணக்கை வடிவமைத்தவர்கள் போட்டு முடித்து, விடையைத்தான் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

கையேடு 95 கேட்கும் வண்டிகள் உண்டு: டர்போ பொருத்திய சில கார்கள், இறக்குமதிக் கார்கள், பெரிய பைக்குகள். அவற்றில் குறைந்த எண்ணைப் போட்டால், நாக் சென்சார் தட்டலைக் கேட்டு, பொறியைத் தாமதமாகத் தட்டச் சொல்லும். இன்ஜின் தப்பிக்கும், பிக்கப்பும் மைலேஜும் குறையும். இப்படிப்பட்ட வண்டிக்குக் கேட்ட எண்ணைக் கொடுப்பது செலவு அல்ல, கடமை. சென்சார் இல்லாத சிறிய பைக்கில் இந்தத் தற்காப்பே கிடையாது என்பதால், கையேட்டின் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

மேலே போனால் என்ன? 91 போதும் என்று வடிவமைத்த இன்ஜினில் 100 ஊற்றினால், அந்த இன்ஜின் கொடுக்காத அழுத்தத்தைத் தாங்கும் பொறுமை அதில் சும்மா கிடக்கும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 டில்லியில் அறிமுகமானபோது லிட்டர் 160 ரூபாய். சாதாரணப் பெட்ரோல் ஏறத்தாழ அதில் பாதி. பிரீமியம் பெட்ரோலில் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் சேர்க்கைகள் இருப்பது உண்மை. அது ஆக்டேனோடு சம்பந்தமில்லாத தனிப் பயன். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல், மாதம் 25 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,400 ரூபாய். நேரத்துக்கு ஆயில் மாற்றவும், ஏர் ஃபில்டரும் பிளக்கும் வாங்கவும் அது போதும். மைலேஜுக்கு உண்மையில் உதவுபவை அவைதான்.

கடைசிச் சில நொடித்துளிகள்

நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் பைக்கில், ஒரு சிலிண்டரில் நொடிக்கு 50 முறை தீ மூளுகிறது. கப்பலில் வந்து, கோபுரத்தில் ஏறி, பிளாட்டினத்தைத் தொட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பூமிக்கடியில் ஊர்ந்து வந்த நம் லிட்டரின் ஒவ்வொரு துளிக்கும் அங்கே சில மில்லிநொடிதான் வேலை. அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று காதால் அறியலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, உயர்ந்த கியரிலேயே ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எந்த வண்டியும் தட்டப் பார்க்கும். கியரை இறக்குங்கள், அதில் நின்றுவிட்டால் குறை பெட்ரோலில் இல்லை. சமதளத்திலும், சரியான கியரிலும் தட்டிக்கொண்டே இருந்தால், எரியறையில் கரி படிந்திருக்கலாம், பிளக் தவறான ரகமாக இருக்கலாம், இன்ஜின் மிகையாகச் சூடாகலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதிக விலைப் பெட்ரோலை ஊற்றி அந்தச் சத்தத்தை அமுக்கினால், நோய் உள்ளேயே இருக்கும்.

வெயிலும் சுமையும் கூடினால் ஆக்டேன் தேவை கூடும். உயரம் கூடினால் குறையும். ஏனென்றால் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியின் காற்று மெலிந்தது, சிலிண்டருக்குள் அழுத்தமும் அதற்கேற்பக் குறைவு. மலைக்குப் போகிறோம், உயர்ந்த பெட்ரோல் போடுவோம் என்பது பழக்கத்தில் வந்த எண்ணம்; அறிவியல் அதற்குத் துணை நிற்பதில்லை.

ஆகவே இன்றே டேங்க் மூடியைத் திறந்து, உங்கள் வண்டி கேட்கும் எண்ணைப் படித்துவிடுங்கள். அதற்குக் குறையாமல் போடுங்கள். அதற்கு மேல் போடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. மிச்சமாகும் காசை வண்டியின் பராமரிப்புக்குச் செலவிடுங்கள்.